கொல்லாது உண்ணல்: மணிமேகலையின் சாதுவன் கதையும் பாறு என்னும் பறவையும்

முன்னுரை

அந்தமான் தீவுகளில் கல்லூரி மாணவர்க்கு அகநானூற்றுப் பாலைப் பாடல்களைக் கற்பித்தபொழுது ஒரு மாணவி எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாக அமைந்தது. பாடலில் வரும் எருவை எவ்வாறு இருக்கும் என்று அவர் கேட்டார். அது கழுகு வகையுள் ஒன்று என்று விடை கூறப்பட்டது. "கழுகு தானே மீனைப் பிடித்துத் தின்னுமே, புலி தின்ற மிச்சத்தை அது ஏன் தேட வேண்டும்?" என்று அவர் மீண்டும் வினவினார். அவர் அறிந்த கழுகு, தீவுக் கடற்கரையின் உயர்ந்த மரங்களில் கூடு கட்டி வாழும் வெண்வயிற்றுக் கடற்கழுகு ஆகும். அவருடைய வினாவில் பிழையில்லை. உரைநூல் வழி நின்று கூறிய விடையிலேதான் குறை இருந்தது.

இறந்த உடலை உண்டு வாழும் பறவையைத் தமிழ் இலக்கியம் எவ்வாறு மதிப்பிட்டுள்ளது, அம்மதிப்பீட்டில் மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதை வகுக்கும் அறவெல்லை யாது, அவ்வெல்லை இன்றைய தமிழ் வழக்கில் எவ்வாறு மறைந்துபோயிற்று என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. சாதுவன் கரையேறிய நாகர் நிலத்தை நிக்கோபார்த் தீவுகளோடு இணைத்துக் காணும் வழக்கம் ஆய்வுலகில் உண்டு. ஆதலின் இவ்வினாவை இத்தீவுகளிலிருந்து எழுப்புவது பொருத்தமுடையதேயாம்.

பெயரால் நேர்ந்த மயக்கம்

சங்க இலக்கியம் எருவை, பாறு, கழுகு, பருந்து எனப் பல பெயர்களால் ஊனுண்ணும் பறவைகளைச் சுட்டுகிறது. இப்பெயர்களை உயிரியல் நோக்கில் பகுத்தறிய முயன்றோருள் பி.எல். சாமி முன்னோடியாவார். அவர்தம் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூல் இத்துறையில் இன்றும் பயன்படுகிறது. ஆயினும் பிற்கால வழக்கில் இப்பெயர்களுட் பல வீழ்ந்தன. கழுகு என்னும் ஒரு சொல்லே உயிருள்ளதைக் கொன்று தின்னும் பறவைக்கும், இறந்ததை மட்டும் உண்ணும் பறவைக்கும் பொதுப்பெயராயிற்று. பின்னதைப் பிரித்துக் கூற வேண்டிய இடத்துப் 'பிணந்தின்னிக் கழுகு' என்ற பெயர் எழுந்தது.

இப்பெயரில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, இது இகழ்ச்சிப் பெயர். பிறர் துயரில் ஆதாயம் தேடுவோரை ஏசுவதற்கே அச்சொல் மேடையிலும் செய்தித்தாளிலும் இன்று பெரிதும் ஆளப்படுகிறது. இரண்டாவதே இங்குப் பெரிதும் எண்ணத்தக்கது. கொல்லும் பறவையையும் கொல்லாப் பறவையையும் ஒரே இனமாகக் காட்டி, அவற்றிடையே உள்ள அடிப்படை வேறுபாட்டை அது அழித்துவிடுகிறது. கோவையிலிருந்து இயங்கும் அருளகம் போன்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பினர் பாறு என்னும் பழஞ்சொல்லை மீட்டெடுத்து வழங்கி வருகின்றனர். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என்பன இன்று தமிழகத்துக் களப்பணியாளர் நாவில் பயிலும் பெயர்கள். தமிழ்த் துறைகள் செய்திருக்க வேண்டிய பணியை அவற்றுக்குப் புறத்தே இருந்தோர் செய்துள்ளனர் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அகநானூற்றின் எருவை

எயினந்தை மகனார் இளங்கீரனார் பாடிய அகநானூற்று மூன்றாம் பாடல் இவ்வகையில் தனியே நோக்கத்தக்கது. ஓமை மரத்தின் பெருங்கிளையில் குஞ்சு பொரித்துக் காவலிருக்கும் பெடைக்கு இரை தேடி ஆண் எருவை எழுகிறது. மரையைக் கொன்று குருதியைக் குடித்த புலி, முடைநாற்றம் வீசும் எஞ்சிய தசையைக் கைவிட்டுச் செல்ல, அதனை எருவை கவர்கிறது. இப்பறவை சிவந்த செவியை உடையது என்கிறார் புலவர்.

இச்செய்திகளைக் களத்தோடு ஒப்பிடின் புலவரின் நோக்குத் திறன் விளங்கும். செந்தலைப் பாற்றின் தலையும் கழுத்தும் மயிரற்றுச் சிவந்திருக்கும். செவிப்புறத்திலிருந்து செந்தோல் மடிப்புகள் மடல்போல் தொங்கும். அது உயர்ந்த மரத்தின் உச்சியில் கூடமைத்து ஒரே முட்டையிடும். ஆணும் பெண்ணும் இணைந்து குஞ்சைப் பேணும். பாடலின் எருவையைச் செந்தலைப் பாறு எனக் கொள்வதற்கு இவை போதிய சான்றுகளாகும். மரை, புலி, பாறு என்னும் உணவுத் தொடர்ச்சியைப் புலவர் ஒரே காட்சியில் அமைத்துள்ளார்.

ஆயினும் அவர் கையாளும் உவமை வேறொன்றையும் உணர்த்துகிறது. எருவை தசையைக் கவர்வது, கொள்ளையிடும் மாந்தரின் செயலுக்கு ஒப்பிடப்படுகிறது. கொன்றது புலி, கைவிட்டதும் புலியே. எனினும் கொள்ளையர் என்னும் பழி எருவையின்மீது விழுகிறது. பெடைக்கு இரை தேடும் அன்பைக் கண்ட புலவரே அவ்வுணவைக் கவர்தலாகக் காண்கிறார். பொருள்வயிற் பிரியும் தலைவன் தன் நெஞ்சிற்குக் கூறும் கூற்று இஃது ஆகலின், பொருளீட்டும் வேட்கைக்கும் இல்லத்தின்மேல் உள்ள அன்புக்கும் இடைப்பட்ட அவனது தடுமாற்றம் எருவையின் மேல் ஏற்றிக் காட்டப்படுகிறது எனலாம். பறவையை நுணுகிக் கண்ட கண்ணும், அதன் உணவின்பால் கொண்ட ஐயமும் ஒரே பாடலில் அருகருகே நிற்கின்றன.

கம்பர் செய்த மாற்றம்

பிற்காலத்தில் இப்பறவை பெருமதிப்புப் பெற்றது சடாயுவின் வழியாக ஆகும். இராமன் சடாயுவைத் தன் தந்தையாகவே கருதி இறுதிக்கடன் ஆற்றுகிறான். புள்ளிருக்குவேளூர், திருப்புட்குழி, திருப்புள்ளம்பூதங்குடி முதலிய தலங்கள் அக்கதையோடு இணைத்துப் போற்றப்படுகின்றன. ஆயின் அம்மதிப்பு எவ்விலை கொடுத்துப் பெறப்பட்டது என்பதை வினவ வேண்டும்.

வால்மீகியில், கடற்கரையில் உண்ணாநோன்பிருந்து உயிர்விடத் துணிந்த வானரரைக் காணும் சம்பாதி, அவர்கள் ஒவ்வொருவராக இறக்குந்தோறும் தனக்கு உணவாவர் என்று மகிழ்கிறான். கம்பர் இவ்வெண்ணத்தை விலக்கிவிட்டுத் தம்பி இறந்த செய்தி செவியில் விழுந்த துயரையே அவன் வருகைக்குக் காரணமாக்குகிறார். காப்பிய அமைதி நோக்கி இம்மாற்றம் சிறந்ததே. எனினும் அதனால் பாற்றின் உணவு கதையினின்றும் மறைகிறது. பறவை நம் உறவினனாக வேண்டுமாயின் அதன் உணவை நாம் காணாதிருக்க வேண்டும் என்னும் மனநிலை இங்கே புலனாகிறது. திருக்கழுக்குன்றத்தில் பல தலைமுறைகளாக உச்சிவேளையில் வந்திறங்கிய மஞ்சள்முகப் பாறுகளுக்குச் சர்க்கரைப் பொங்கலே அளிக்கப்பட்டது. அங்கும் இம்மனநிலையையே காண்கிறோம். அப்பறவைகள் இன்று அக்குன்றிற்கு வருவதில்லை.

சாதுவன் வகுத்த எல்லை

மேற்கண்ட இரு நிலைகளிலிருந்தும் வேறுபட்ட ஒரு நிலையைச் சீத்தலைச் சாத்தனார் காட்டுகிறார். கணிகையிடம் பொருளிழந்த சாதுவன் வணிகரோடு கலமேறுகிறான். கலம் உடைய, ஒடிந்த மரத்தைப் பற்றி நக்கசாரண நாகர் வாழும் மலைப்புறத்தை அடைகிறான். அவர்தம் மொழியை அறிந்திருந்தமையால் உயிர் தப்பித் தலைவன்முன் கொண்டுசெல்லப்படுகிறான். கள்ளும் ஊனும் மகளும் தர முன்வந்த தலைவனை மறுத்து, உயிர், வினை, மறுபிறப்பு ஆகியன பற்றி வாதிடுகிறான். இறுதியில் தலைவன், கள்ளும் ஊனும் இன்றித் தம்மவரால் வாழ இயலாது என்றும், தமக்கு இயன்ற அறத்தைக் கூறுக என்றும் கேட்கிறான்.

சாதுவன் கூறும் விடை இரு பகுதிகளை உடையது. கலமுடைந்து கரை சேர்வோரின் உயிரைக் காக்க வேண்டும். முதுமையால் தாமே இறந்துபடும் விலங்குகளின் ஊனைத் தவிர்த்து, வேறெவ்வுயிர்க்கும் தீங்கு செய்தல் கூடாது. 1898இல் உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்த நாள் முதல் இப்பகுதி சமயவாதமாகவும், கடல்வணிக வரலாற்றுச் சான்றாகவும், ஆதிரையின் கற்புச் சிறப்பை விளக்கும் துணைக்கதையாகவும் பெரிதும் படிக்கப்பட்டு வந்துள்ளது. இறந்த விலங்கை உண்ணலாம் என்னும் விலக்கு, திருந்தாதவர்க்கு அளித்த சலுகையாகவே கொள்ளப்படுகிறது. அஃது அவ்வளவிற்றோ என்பதே நம் வினா.

திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தோடு இதனை ஒப்பிடுக. தின்பவர் இருத்தலால்தான் விற்பவர் இருக்கின்றனர் என்பது அவ்வதிகாரம் காட்டும் காரணங்களுள் ஒன்று. உண்பவனுக்கும் கொலைக்கும் இடையே சந்தை பாலமாகிறது என்பது வள்ளுவர் கருத்து. சாதுவன் கூறும் விலங்கோ எவராலும் கொல்லப்படாதது, விற்கப்படாதது. வள்ளுவர் காட்டும் அக்காரணம் அதனைத் தொடுவதில்லை. ஊன், ஊன் அல்லாதது என்னும் எல்லையை விடுத்துக் கொன்றது, கொல்லாதது என்னும் எல்லையைச் சாத்தனார் வகுக்கிறார். இவ்வெல்லையை ஏற்பின், புலியும் கடற்கழுகும் ஒருபுறமும் பாறு மறுபுறமும் நிற்கும். சாதுவன் பறவையைச் சுட்டவில்லை; இஃது அவன் கூற்றிலிருந்து நாம் பெறும் முடிபு. மாணவி எழுப்பிய வினாவும் இவ்வேறுபாட்டையே நாடி நின்றது.

பாறுகள் வாழாத நிலத்தில் இவ்வறம் கூறப்படுவதும் எண்ணத்தக்கது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கி.மீ. தொலைவிலுள்ள இத்தீவுகளில் பாறினம் நிலைத்து வாழ்வதில்லை. பாறுகள் வெயிலில் சூடேறி மேலெழும் காற்றில் சிறகு விரித்து மிதப்பவை. கடற்பரப்பின்மேல் அக்காற்று வலுவற்றிருத்தலின் அகன்ற கடலைக் கடப்பது அவற்றுக்கு அரிது. குறுகிய நீரிணையால் பிரிந்த இலங்கையிலும் அவை நிலைத்து வாழ்வதில்லை. தென்கடற்கரையில் நின்று இலங்கையைக் கண்ணால் காணும் சம்பாதியின் நிலை இவ்வியற்கை உண்மையோடு இயைவது வியப்பிற்குரியது. எனினும் புலவர் அதனைக் கருதியே பாடினார் என்று கூறுதல் மிகையாகும். இத்தீவுகளில் பாற்றின் தொழிலை நீருடும்பும் நண்டினங்களும் காட்டுக் காகமும் பகிர்ந்து செய்கின்றன. கடற்கழுகும் வாய்த்தபொழுது இறந்த மீனை உண்ணும்.

தீவினர்மேல் ஏற்றிய பழி

சாதுவன் கதையை நிக்கோபாரோடு இணைப்போர் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்ள வேண்டும். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி நக்கவாரத்தைக் குறிப்பிடுவது வரலாற்றுச் செய்தி. நக்கசாரணர் என்னும் பெயரை அதனோடு இணைப்பது ஒலியொப்புமையால் எழுந்த கருத்து. அதனை முடிந்த முடிபாகக் கொண்டு, கதையில் வரும் நரவூன் உண்ணும் வழக்கத்தையும் தீவினர்மேல் ஏற்றுவது பிழையாகும். மார்க்கோ போலோவும் அந்தமானியரை நாய்முகத்தினர் என்றும், அயலாரைத் தின்போர் என்றும் எழுதினார். பின்வந்த மானிடவியல் ஆய்வுகள் அதற்குச் சான்று காணவில்லை.

அந்தமானியர் தம் உறவினரின் எலும்பைக் கழுவி அணியாகப் பூண்டனர். சிறப்புக்குரியோர் உடலை மரத்தின்மேல் பரணமைத்து வைத்தனர். இவை இறந்தோர்பால் கொண்ட அன்பின் வெளிப்பாடுகள். கலத்திலிருந்து கண்டவர்க்கு எலும்பு உணவின் எச்சமாகத் தோன்றியிருக்கலாம். காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டைப் பாடும் மணிமேகலையே, இறந்தோரைச் சுடுதல், வெளியே இடுதல், குழியிற் புதைத்தல், தாழ்வயின் அடைத்தல், தாழியிற் கவித்தல் என ஐவகை வழக்கங்களைக் கூறுகிறது. உடலை வெளியே இடும் வழக்கத்தைத் தன் நகரில் கண்டு அமைதியுடன் பாடிய காப்பியம், தீவினர் இருக்கையில் கிடந்த எலும்பைக் கண்டு அருவருப்பது முரணன்றோ?

முன்னோராகிய பறவைகள்

தீவினர் தாமே இப்பறவைகளை எவ்வாறு கண்டனர் என்பதையும் நோக்க வேண்டும். மொழியியலாளர் அன்விதா அப்பி பதிவுசெய்த பெரிய அந்தமானியர் கதைகளின்படி, அவர்தம் முன்னோர் பறவைகளாக மாறினர். காட்டுக் காகமும் கடற்கழுகும் அம்முன்னோருள் அடங்கும். அவர் பறவையியலாளர் சதீஷ் பாண்டேயுடன் இணைந்து எழுதிய பெரிய அந்தமானியரின் பறவைகள் பற்றிய நூல் 2011இல் வெளிவந்தது. போ மொழியின் இறுதிப் பேச்சாளரான மூத்த போவா 2010 சனவரியில் மறைந்தார். தம் மொழியில் உரையாட எவருமில்லாத நிலையில் அவர் பறவைகளோடு பேசி வந்தார்.

தமிழரும் காக்கைக்குச் சோறிட்டு முன்னோரை நினைப்பவரே. எவ்வுணவையும் உண்ணும் காகத்தை, இறந்தோரின் வடிவாக இரு மக்களும் தனித்தனியே கண்டுள்ளனர். ஒரு வேறுபாடும் உண்டு. நாம் காகத்திற்குச் சமைத்த சோற்றையிட்டு, அதன் பிற உணவைக் கருதாதிருக்கிறோம்.

ஒரு தடையும் விடையும்

இறந்த விலங்கை உண்ணுதல் கொல்லா அறத்தின்பாற்படும் என்று எழுதும்பொழுது, அவ்வுணவின் பெயரால் இந்நாட்டில் நிகழ்ந்த கொடுமையை மறத்தல் ஆகாது. இறந்த மாட்டை அகற்றும் தொழிலும் அதன் இறைச்சியும் சில சாதியார்மேல் சுமத்தப்பட்டன. பின்னர் அவற்றையே காரணமாகக் காட்டி அவர்கள் ஒதுக்கப்பட்டனர். 1948இல் வெளியான தீண்டப்படாதார் பற்றிய நூலில் அம்பேத்கர், பௌத்தராக இருந்து சிதறிய மக்கள் இறந்த பசுவின் ஊனை உண்டமையே தீண்டாமையின் தோற்றுவாய் என்று வாதிட்டார். 1927இல் மகாடில் அவ்வூனை உண்பதைக் கைவிடுமாறு தம் மக்களை வேண்டியவரும் அவரே.

ஆதலின் சாதுவன் கூற்றை வாழ்க்கைநெறியாகப் புகழ்தல் நம் நோக்கமன்று. பௌத்தக் காப்பியம் ஒன்று தீங்கற்றதென வகுத்த உணவைச் சமூகம் இழிவின் அடையாளமாக்கியது எங்ஙனம் என்பதே ஆராயத்தக்கது. தூய்மை என்னும் அளவுகோலால் அளந்தால் பாறும் அதன் தொழிலைச் செய்த மனிதரும் கீழே நிற்பர். தீங்கு என்னும் அளவுகோலால் அளந்தால் அவ்வரிசை மாறும். 'பிணந்தின்னி' என்னும் சொல் முதல் அளவுகோலிலிருந்து பிறந்தது.

நஞ்சாகிய உணவு

சாதுவன் தீங்கற்றதென்று கருதிய உணவே நம் காலத்தில் நஞ்சாயிற்று. கால்நடைகளின் வலிக்கும் வீக்கத்திற்கும் அளித்த டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் எஞ்சி நின்று, அதனை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 2004இல் இக்காரணம் அறிவியல் உலகிற்கு உறுதியாயிற்று. 1992 முதல் 2007 வரையான காலத்தில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு குறைந்தன. 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது. மனிதர்க்குரிய பெருங்குப்பிகள் கால்நடைகளுக்குத் திருப்பிவிடப்பட்டமையால் 2015இல் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகச் சுருக்கப்பட்டது. 2023இல் கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் ஆகியவையும் கால்நடைப் பயன்பாட்டிற்குத் தடைசெய்யப்பட்டன. பாறுகளுக்குத் தீங்கிழைக்காத மெலாக்சிகாம் மாற்றாக உள்ளது.

பாறுகள் அழிந்த பின்னர்த் திறந்த வெளியில் பிணங்கள் அழுகின; நீர்நிலைகள் மாசுற்றன; நாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரையான ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மனித இறப்புகள் இவ்வழிவோடு தொடர்புடையன எனப் பொருளியலறிஞர் அனந்த் சுதர்சன், ஈயால் ஃபிராங்க் ஆகியோர் 2024இல் வெளியிட்ட ஆய்வில் மதிப்பிட்டனர். தமிழகத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் முதுமலைப் பகுதியும் எஞ்சிய பாறுகளின் உறைவிடமாக உள்ளன. அங்கு வெண்முதுகுப் பாறுகள் ஆற்றங்கரை நீர்மருத மரங்களில் கூடமைக்கின்றன. இளங்கீரனார் கண்ட செந்தலைப் பாறும் அங்கு மிகச் சிலவாக வாழ்கிறது.

முடிவுரை

அகநானூறு எருவையின் வாழ்வை நுணுகிக் கண்டும் அதன் உணவைக் கொள்ளையாகக் கண்டது. கம்பர் பறவையை உறவாக்கி அதன் உணவை மறைத்தார். சாத்தனார், பறவையைச் சுட்டாமலே, அவ்வுணவு தீங்கற்றது என்னும் எல்லையை வகுத்தார். இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கும்பொழுதே தமிழ் மரபின் முழுமை விளங்கும்.

இதிலிருந்து தமிழ்த் துறைகளுக்குரிய பணிகள் இரண்டு எழுகின்றன. பாடநூல்களிலும் அகராதிகளிலும் கழுகையும் பாற்றையும் பிரித்துக் காட்டி, இகழ்ச்சிப் பெயரை விடுத்தல் வேண்டும். சாதுவன் கதையைக் கற்பிக்கும்பொழுது தீவினர்மேல் ஏற்றிய பழியை வரலாறாகக் கொள்ளாதிருத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு அதே பாடலைக் கற்பித்தபொழுது, எருவை என்பது கொல்லாத பறவை என்று முதலிலேயே கூறப்பட்டது. புலி ஏன் வந்தது என்று அவ்வகுப்பில் எவரும் கேட்கவில்லை. அப்பறவை இப்பொழுது எங்கே இருக்கிறது என்றே கேட்டனர். அவ்வினாவிற்கு இன்னும் ஓரிரு இடங்களைச் சுட்டி விடை கூற முடிகிறது.